ஊதிவிட்டுப் போகும் சாத்தான்: ஸ்பானிஷ் பேச்சிலும் கதையிலும்

நெய்தல் எழுதியது:

போன வாரம் எங்கள் சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. (நான் இருப்பது ஸ்பெயினில், வயாதோலித் நகரத்தில்.) குழாய் வேலைக்காரர் வந்தார். பையைத் திறந்து பழுப்பு நிறத்தில் ஒரு கொத்து நார் எடுத்தார். தேங்காய் நாரும் இல்லை, பஞ்சும் இல்லை. சீப்பில் மாட்டிக்கொண்ட முடிச்சிக்கு மாதிரி இருந்தது. கொஞ்சம் பிய்த்து மரையில் சுற்றி, மேலே பசை தடவி முறுக்கினார். சொட்டு நின்றது. இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். "எஸ்தோபா" என்றார். ஆளியோ சணலோ சீவும்போது மிஞ்சுகிற கழிவு நார்.

எதிர்வீட்டுப் பாட்டி வழக்கம்போல வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஒரு பழமொழியை எடுத்துவிட்டார்: "எல் ஓம்ப்ரே எஸ் ஃபுவேகோ, லா முஹேர் எஸ்தோபா, வியேனே எல் தியாப்லோ இ சோப்லா." ஆண் நெருப்பு, பெண் நார், சாத்தான் வந்து ஊதுகிறான். சொல்லிவிட்டு என்னையும் அந்த மனிதரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு காசு வாங்கிக் கிளம்பிவிட்டார்.

நம்மிடமும் பஞ்சும் நெருப்பும் உண்டு. பக்கத்தில் வைத்தால் பற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். ஊதுவதற்குத் தனியாக ஓர் ஆள் கிடையாது. இவர்களுக்கு ஏன் தேவைப்படுகிறான்?

இங்கே வந்து நான்கு வருடமாகக் கவனிக்கிறேன். வாய்க்கு வாய் தியாப்லோதான். விளையாட்டுக்குக்கூடத் துப்பாக்கியை நீட்டாதே, அதில் குண்டு போட்டு வைப்பது சாத்தான் என்பார்கள். வேலை இல்லாத சாத்தான் வாலால் ஈ அடிக்கிறான். தலைதெறிக்க ஓடுகிறவன் 'சாத்தான் தூக்கிப் போகும் ஆன்மா மாதிரி' ஓடுகிறான். அடங்காத பிள்ளை 'சாத்தானின் தோல்'. ஆனால் ஒன்று பாருங்கள். குண்டு போடுவதோடு அவன் வேலை முடிந்துவிடுகிறது, சுடுவது நாம்தான். நெருப்பும் நாரும் ஏற்கெனவே இருக்கின்றன, ஊதுவது மட்டும் அவன். ஆசை காட்டுகிறவன் என்று பெயர் வாங்கியிருக்கிறானே தவிர, ஆசையைக் கொண்டுவந்து கொடுத்ததாக ஒரு பழமொழியும் எனக்குக் கிடைக்கவில்லை. இலக்கியத்திலும் இப்படித்தானா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

யாழினி எழுதியது:

நெய்தல், உன் கேள்விக்கு அந்த மொழியே பாதி பதில் வைத்திருக்கிறது. ஆசை காட்டுவதற்கு ஸ்பானிஷில் 'தென்தார்' என்பார்கள். அதே வினைக்கு முதல் பொருள் கையால் தொட்டுத் தடவிப் பார்ப்பது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பது 'ஆ தியென்தாஸ்'. பார்வையற்றவர் ஊன்றிப் போகிற கோலுக்கு 'தியென்தோ' என்று பெயர். லத்தீனிலேயே இந்தச் சொல்லுக்குத் தொடுதல், முயன்று பார்த்தல் இரண்டும் உண்டு.

வகுப்பில் இதைச் சொல்லும்போது நான் மாடு வளர்ப்பவர்களை இழுப்பேன். சண்டைக் காளை வளர்க்கிற பண்ணைகளில் இளம் பசுக்களைச் சின்ன வட்டக் களத்தில் விட்டு, குதிரைமேல் இருப்பவன் ஈட்டியால் குத்திப் பார்ப்பான். வலிக்க வலிக்கத் திரும்பத் திரும்பப் பாய்ந்து வருகிறதா, ஒதுங்கி ஓடுகிறதா? பாய்ந்தால் இனவிருத்திக்கு வைத்துக்கொள்வார்கள். அந்தச் சோதனைக்குப் பெயர் 'தியென்தா'. அதே வேர்ச்சொல். ஆக 'தென்தாதோர்' என்கிற சாத்தான், மாம்பழம் வாங்குகிறவன் அமுக்கிப் பார்ப்பது மாதிரி எங்கே கனிந்திருக்கிறது என்று விரலால் தேடுகிறவன்.

அர்ஜென்டினாக்காரர்கள் இதையே சிரிப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சிரிக்கக் கூடாத இடத்தில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டால் 'மே தென்தே' என்பார்கள். எங்கள் வகுப்பில் ஒரு மாணவிக்கு வாய்மொழித் தேர்வு நடுவில் அது நடந்தது. தேர்வாளருக்கும் தொற்றி, பத்து நிமிடம் இழந்தோம்.

மணப்பாடு_சூசை எழுதியது:

நாங்கள் சின்ன வயதில் படித்த பரலோக மந்திரத்தில் "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்" என்று வரும். ஸ்பானிஷிலும் அப்படியே, 'விழ விடாதேயும்'தான். இப்போது புதிய பாடத்தில் "சோதனைக்கு உட்படுத்தாதேயும்" என்று சொல்கிறோம். இரண்டுக்கும் வித்தியாசம் சின்னதில்லை. முதலாவதில் கடவுள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், நாம்தான் தடுக்கி விழப் பார்க்கிறோம். இரண்டாவதில் அவரே கொண்டுபோய் நிறுத்துகிற மாதிரி ஒலிக்கிறது. 2017 டிசம்பரில் போப் பிரான்சிஸ் இத்தாலியத் தொலைக்காட்சியில் இதைத்தான் சொன்னார். பிள்ளை விழுகிறானா என்று பார்க்கத் தகப்பன் தள்ளிவிட மாட்டான், சோதனைக்குள் தள்ளுவது சாத்தானின் இலாகா என்கிற பொருளில் பேசினார். அவர் புவனோஸ் ஐரிஸ்காரர், ஸ்பானிஷில் 'விழ விடாதேயும்' என்று ஜெபித்து வளர்ந்தவர். இத்தாலியப் பாடம் அவர் காதில் உறுத்தியதில் ஆச்சரியம் இல்லை. பிறகு இத்தாலியத் திருச்சபை பாடத்தையே மாற்றியது.

யாழினி அக்கா சொன்ன தடவிப் பார்க்கும் கதைக்கு ஒரு சாட்சி. லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் (1548) நூலில் சாத்தானைப் படைத்தலைவனோடு ஒப்பிடுகிறார். கோட்டை பிடிக்க வந்தவன் உடனே மோத மாட்டான். சுற்றிச் சுற்றி வருவான், எந்தப் பக்கம் மதில் மெலிந்திருக்கிறது என்று பார்ப்பான், அங்கேதான் தாக்குவான். இஞ்ஞாசியார் முதலில் போர்வீரர். பம்ப்லோனா கோட்டையைக் காக்கும்போது 1521-இல் பீரங்கிக் குண்டில் கால் உடைந்தவர். மதில் எங்கே இடியும் என்று அனுபவத்தில் தெரிந்த மனிதர் எழுதிய உவமை அது. அவருடைய சீடர் சவேரியார்தான் எங்கள் கடற்கரைக்கு வந்தவர். மணப்பாட்டுக் குகைக்கு இன்றும் ஆட்கள் போகிறார்கள்.

ஒற்றைக்கொம்பு எழுதியது:

நல்ல இழை. என் பங்குக்கு இரண்டு. 'சாத்தானைப் பற்றிப் பேசினால் வந்து நிற்பான்' என்பது ஸ்பானிஷிலும் உண்டல்லவா? அப்புறம் 'சாத்தான் நுணுக்கங்களில் இருக்கிறான்'. இது பழைய ஸ்பானிஷ் பழமொழி என்று ஒரு வீடியோவில் கேட்டேன்.

யாழினி எழுதியது:

இரண்டாவது ஆங்கிலத்திலிருந்து வந்து குடியேறியது தம்பி. இப்போது ஸ்பானிஷ் செய்தித்தாள்களில் தாராளமாகப் புழங்குகிறது, ஆனால் பாட்டிகள் சொல்லிக் கேட்க மாட்டாய். முதலாவதுக்கு ஸ்பானிஷில் வருகிறவர் ரோமாபுரி ராஜா: "ஆப்லான்தோ தெல் ரெய் தே ரோமா, போர் லா புவெர்தா அசோமா". ராஜாவைப் பற்றிப் பேசினால் வாசலில் தலை நீட்டுவார். பழைய வடிவத்தில் 'ரெய்' இல்லை, 'ருயின் தே ரோமா', அதாவது ரோமாபுரிக் கயவன். கயவன் என்று சொல்லி யாரைக் குறித்தார்கள் என்பது உங்கள் ஊகத்துக்கு. பெயரைச் சொன்னால் வந்துவிடுவான் என்று பயந்த இடத்தில் ஆள்மாறாட்டம் செய்வது இவர்கள் வழக்கம். தியாப்லோ என்று முழுசாகச் சொல்லாமல் 'தியான்த்ரே' என்று பாதியில் வளைப்பார்கள். நரகத்துக்கு 'பெத்ரோ போத்தேரோவின் கொப்பரைகள்' என்று பெயர். பெத்ரோ போத்தேரோ! தெருமுனையில் கடை வைத்திருப்பவர் பெயர் மாதிரி இருக்கிறது.

பழையபேப்பர் எழுதியது:

கடைக்காரர் என்றதும் எனக்கு ஒருவர் நினைவுக்கு வந்தார். லூயிஸ் வேலெஸ் தே கெவாரா 1641-இல் அச்சிட்ட 'எல் தியாப்லோ கோஹுவேலோ', அதாவது நொண்டிச் சாத்தான். மத்ரீதில் தோன் கிளெயோஃபாஸ் என்கிற மாணவன் ஒரு பெண் விவகாரத்தில் போலீஸுக்குப் பயந்து கூரைமேல் ஓடி, ஒரு சோதிடனின் மச்சறைக்குள் விழுகிறான். அங்கே ஒரு குப்பிக்குள்ளிருந்து முனகல். யார் நீ என்று விசாரணை நடக்கிறது.

லூசிஃபரா? இல்லை, அவர் பெரிய வீட்டு வேலைக்காரிகளுக்கும் எடுபிடிகளுக்குமான சாத்தான். சாத்தனாஸா? அவர் தையல்காரர், கசாப்புக்காரர் இலாகா. பெல்செபூவா? சூதாடிகள், கள்ள உறவுக்காரர்கள், வண்டிக்காரர்கள். பராபாஸ், பெலியால், அஸ்தரோத்? அவர்களெல்லாம் பெரிய பெரிய வேலைகளில் இருப்பவர்கள். நான் சில்லறை வியாபாரம், ஆனால் எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பேன் என்கிறான் குப்பிக்குள் இருப்பவன். நரகத்தின் தெள்ளுப்பூச்சி, கோள்சொல்லி, வட்டிக்காரன் என்று தன்னையே அறிமுகப்படுத்திக்கொள்கிறான். ஏன் நொண்டி? வானத்தில் கலகம் செய்தவர்களில் முதலில் விழுந்தது நான், மற்றவர்கள் எல்லாரும் என் தலையில் விழுந்து என்னை நாசம் பண்ணிவிட்டார்கள் என்கிறான். மதத்துக்கு மாறாகப் பேசுகிறவர்களைத் தண்டித்த திருச்சபை விசாரணை மன்றம் உயிரோடு இருந்த காலத்தில் இப்படி ஒரு பக்கம் அச்சாகியிருக்கிறது.

விடுவித்ததற்குக் கைமாறாக அவன் செய்வது என்ன? ராத்திரி ஒரு கோபுரத்தில் மாணவனை உட்கார வைத்து, மத்ரீதின் கூரைகளை அப்பத்தின் மேல்தோலைத் தூக்குவது போலத் தூக்கிக் காட்டுகிறான். உள்ளே ஒவ்வொரு வீட்டிலும் என்ன நடக்கிறதோ அது. அவன் எதையும் நடத்தவில்லை, பார், இதுதான் என்று காட்டுகிறான். நெய்தல் அம்மா கேட்டதற்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன். இந்தக் கதையைத்தான் 1707-இல் லெசாஜ் பிரெஞ்சுக்குக் கொண்டுபோய் ஐரோப்பா முழுக்கப் பரப்பினார். மூலம் எழுதியவரைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

ஒற்றைக்கொம்பு எழுதியது:

ஐயா, இது வேடிக்கை காட்டுகிறவன். ஆசை காட்டுகிறவன் எங்கே? ஆன்மாவை எழுதி வாங்குகிற ஆள் ஸ்பானிஷில் இல்லையா?

பழையபேப்பர் எழுதியது:

இருக்கிறான் தம்பி, 'தோன் மார்த்தீன்' என்று பெயர். தோன் ஹுவான் மனுவேல் 1335-இல் முடித்த 'கோந்தே லுக்கானோர்' கதைத்தொகுதியில் 45-ஆவது கதை. நேரம் எடுத்துச் சொல்கிறேன், அவசரம் இருந்தால் தாண்டிப் போங்கள்.

பெரும் பணக்காரன் ஒருவன் ஒன்றுமில்லாமல் போகிறான். பழைய சௌகரியம் தெரிந்தவனுக்கு வறுமை இரட்டிப்பாக வலிக்கும் என்று ஆசிரியரே சொல்லிக்கொள்கிறார். மலைக்காட்டில் தனியாக நடக்கும்போது சாத்தான் வருகிறான். ஏன் துக்கம் என்று கேட்கிறான். சொல்லி என்ன ஆகும் என்கிறான் இவன். நீ சொல்லாமலே நான் சொல்கிறேன் என்று இவன் கதையை அப்படியே ஒப்பிக்கிறான் சாத்தான். தடவிப் பார்ப்பது என்றாரே யாழினி, இதுதான். பிறகு ஒப்பந்தம். எந்தப் பூட்டும் உனக்குத் திறக்கும். மாட்டிக்கொண்டால் "காப்பாற்றுங்கள் தோன் மார்த்தீன்" என்று கூப்பிடு, வந்துவிடுவேன்.

முதல் திருட்டு, மாட்டுகிறான், கூப்பிடுகிறான், உடனே விடுதலை. அடுத்தடுத்த தடவைகளில் தோன் மார்த்தீன் வரத் தாமதமாகிறது. ஏன் தாமதம் என்று கேட்டால் வேறு அவசர வேலை என்கிறான். (வாக்குக் கொடுத்த ஒப்பந்தக்காரரைத் தேடி அலைந்தவர்களுக்கு இந்த இடம் புரியும்.) கடைசியில் தூக்குத் தண்டனை. அப்போது வந்து ஒரு சுருக்குப்பையைக் கொடுக்கிறான்: உள்ளே ஐந்நூறு மரவேதிக் காசு இருக்கிறது, நீதிபதியிடம் கொடு. தூக்குமேடையில் கயிறு தேடிக்கொண்டிருக்கிறார்கள், அகப்படவில்லை. நைசாகப் பையைக் கொடுத்ததும் நீதிபதி, "கயிறு இல்லாமல் ஒருவனைத் தூக்கில் போட முடியாமல் போனதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? இவன் குற்றமற்றவன் போல, கடவுளே வேண்டாம் என்கிறார், நாளைக்குப் பார்க்கலாம்" என்று பேசிவிட்டு, ஒதுக்குப்புறமாகப் போய்ப் பையைப் பிரிக்கிறார். உள்ளே கயிறு.

கழுத்தில் மாட்டும்போதும் இவன் கூப்பிடுகிறான். தோன் மார்த்தீன் வந்து சொல்கிறான்: நண்பர்கள் எல்லாரையும் இந்த இடம் வருகிற வரைக்கும்தான் நான் காப்பாற்றுவது வழக்கம்.

நெய்தல் எழுதியது:

ஐயா, அந்தப் பை இருக்கிறதே! நீதிபதியையும் சேர்த்துத்தான் அமுக்கிப் பார்த்திருக்கிறான். அவர் லஞ்சத்துக்கு வளைந்ததால்தான் கயிறே கிடைத்தது. நேர்மையானவராக இருந்து பையை வாங்காமல் விட்டிருந்தால் அன்றைக்குக் கயிறு கிடைத்திருக்காது!

பழையபேப்பர் எழுதியது:

இத்தனை வருடம் படித்தும் எனக்கு அது தோன்றவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

அதே தொகுதியில் 42-ஆவது கதையில் சாத்தானே கையை விரித்துவிடுகிறான். ஒற்றுமையாக வாழும் கணவன் மனைவியைப் பிரிக்கப் பார்த்துப் பார்த்து முடியாமல் சோர்ந்து போகிறவனை, பக்தி வேடம் போட்ட ஒருத்தி வழியில் சந்திக்கிறாள். இது ஒரு வேலையா என்று எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பேசி, கொலை வரைக்கும் கொண்டுபோய் விடுகிறாள்.

ஒற்றைக்கொம்பு எழுதியது:

இதுதான் எனக்குக் கடுப்பு. பழமொழியில் பெண் நார், கதையில் பெண் சாத்தானைவிட மோசம். ஆண் நெருப்பு என்றால் கௌரவம், பெண் சட்டென்று பற்றிக்கொள்கிற கழிவு நாராம். ஊதுகிறவனை நடுவில் கொண்டுவந்ததே ஆண்கள் கை கழுவத்தான் என்று நினைக்கிறேன். "சாத்தான் ஆசை காட்டினான்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

யாழினி எழுதியது:

கடுப்பு நியாயமானதுதான். ஆனால் அந்த மொழியில் கை கழுவ விடாதவர்களும் இருக்கிறார்கள், அதில் இருவர் பெண்கள். ஒருத்தி கற்பனைப் பாத்திரம், ஒருத்தி நிஜம்.

கால்தெரோன் 1637-இல் யேபெஸ் என்கிற ஊரின் கோர்ப்புஸ் (கிறிஸ்துவின் திருவுடல்) திருவிழாவுக்கு எழுதிக் கொடுத்த 'எல் மாஹிகோ ப்ரோதிஹியோசோ' நாடகம். அந்தியோக்கியாவில் சிப்ரியானோ என்கிற படிப்பாளி, ஹுஸ்தீனா என்ற பெண்மேல் பித்தாகி, தன் ரத்தத்தால் சாத்தானுக்கு எழுதிக் கொடுக்கிறான். சாத்தான் ஹுஸ்தீனாவிடம் போகிறான். கவனி, அவளை முதலில் தொடுவதில்லை. இசை கேட்கிறது, இந்த வாழ்வில் பெரிய மகிமை எது, காதல், காதல் என்று. இராப்பாடி பாடுகிறது, திராட்சைக்கொடி மரத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது, சூரியகாந்தி திரும்பிப் பார்க்கிறது. இதுதான் ஊதுவது! அவளுக்கும் மனம் அசைகிறது. நினைத்துவிட்டாயே, பாதி முடிந்தது என்கிறான். அவள் பதில்: நினைப்பு என் கையில் இல்லை, செயல் என் கையில் இருக்கிறது. பிடித்து இழுக்கிறான், நகர்த்த முடியவில்லை. வலுக்கட்டாயத்துக்கு இணங்கினால் அது சுதந்திர விருப்பமே இல்லை என்கிறாள். கடைசியில் வேறு வழியில்லாமல் அவள் மாதிரி ஓர் உருவத்தைச் செய்து அனுப்புகிறான். சிப்ரியானோ போர்வையை விலக்கினால் எலும்புக்கூடு. அந்த நாடகத்தில் நார் யார், நெருப்பு யார் என்று நீயே சொல்.

நிஜமானவர் ஆவிலா தெரேசம்மாள் என்கிற கன்னியாஸ்திரி. தன் வாழ்க்கை வரலாற்றில் 25-ஆவது அத்தியாயத்தில், கடவுளே கடவுளே என்று சொல்லி அவனை நடுங்க வைக்க முடிகிற இடத்தில் சாத்தான் சாத்தான் என்று எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று அலுத்துக்கொள்கிறார். சாத்தானைவிட, அவனைக் கண்டு இவ்வளவு பயப்படுகிறவர்களிடம்தான் எனக்குப் பயம் என்கிறார். அவர் மனதில் இருந்தவர்கள் பயமுறுத்திய பாவசங்கீர்த்தனக் குருக்கள். அவருக்கு வந்த தரிசனங்களெல்லாம் சாத்தான் வேலை என்று சொல்லிச் சொல்லி அவரை வாட்டியவர்கள்.

லாபாஸ்_வாசி எழுதியது:

ஸ்பெயினிலேயே நிற்கிறீர்கள், கொஞ்சம் கடல் தாண்டி வாருங்கள். நான் பொலிவியாவில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். பொத்தோசியின் செர்ரோ ரிக்கோ மலைச் சுரங்கத்துக்குள் போயிருக்கிறேன். குனிந்து, சில இடத்தில் தவழ்ந்து போனால் ஒரு குடைவில் களிமண் உருவம் உட்கார்ந்திருக்கும். கொம்பு, பிதுங்கிய கண், வாயில் சிகரெட் சொருகியிருக்கும். மடியெல்லாம் கோகா இலை, பக்கத்தில் சாராயப் புட்டி. பெயர் 'தியோ', ஸ்பானிஷில் மாமா. என்னோடு வந்த தொழிலாளி சிகரெட்டைப் பற்றவைத்து மாமா வாயில் வைத்துவிட்டு, தரையில் கொஞ்சம் சாராயம் சொட்டி, பிறகுதான் தான் ஒரு வாய் குடித்தார். சிகரெட் முழுசாக எரிந்ததா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

இந்த மாமா யாருக்கும் ஆசை காட்டுவதில்லை. தாது அவர் சொத்து, கேட்டு எடுக்க வேண்டும், கேட்காமல் எடுத்தால் கோபம் வரும். அவ்வளவுதான். மேலே வந்தால் இதே ஆட்கள் கன்னி மரியாளைக் கும்பிடுகிறார்கள். 'தியோஸ்' என்ற கடவுள் சொல், ஆண்டீஸ் மலை மக்களின் மொழியான கெச்சுவா பேசுகிறவர்கள் வாயில் 'தியோ' ஆனது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை, மாமா என்று கூப்பிட்டால் மாமாதான்.

ஆண்டீஸ் மக்கள் 'சுப்பாய்' என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். பாதிரிகள் அதையே சாத்தானுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 1560-இல் தொமிங்கோ தே சாந்தோ தோமாஸ் என்கிற துறவி வெளியிட்ட கெச்சுவா அகராதியில் நல்ல தேவதூதருக்கும் அதே சொல், கெட்ட தூதருக்கும் அதே சொல். முன்னால் 'நல்ல', 'நல்லதல்லாத' என்று ஒட்டு மட்டும் மாறுகிறது. அதாவது அந்த மக்களிடம் ஆசை காட்டும் ஆள் என்று ஒருவன் இல்லவே இல்லை, வார்த்தையை வாங்கி அதற்குள் ஆளை வைத்து அடைத்திருக்கிறார்கள். பிறகு அவன் நடனமே ஆட ஆரம்பித்துவிட்டான். பொலிவியாவின் ஒருரோ நகரத் திருவிழாவின் 'தியாப்லாதா' ஆட்டத்தில் மிகயேல் தூதர் ஏழு பாவங்களையும் ஜெயிக்கிறார், மயக்குகிற 'சினா சுப்பாய்' கண்ணடித்துக்கொண்டே வருகிறாள். ஆனால் கூட்டம் யாரைப் பார்க்க வருகிறது? கொம்பும் கண்ணாடிக் கண்ணுமாக வருகிற முகமூடிகளைத்தான். 2001-இல் யுனெஸ்கோ அந்தத் திருவிழாவை மரபுச் செல்வம் என்று அறிவித்தது.

இன்னொன்று, இது கசப்பானது. அர்ஜென்டினாவிலும் சுற்றுவட்டாரத்திலும் சாத்தானுக்கு 'மந்திங்கா' என்று பெயர். ஒரு பொருள் காணாமல் போனால் "மந்திங்கா வேலை" என்று சிரிப்பார்கள். மந்திங்கா என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் இனத்தின் பெயர். அங்கிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர்களின் பெயரையே சாத்தானுக்கு வைத்துவிட்டார்கள்.

மணப்பாடு_சூசை எழுதியது:

கடைசிப் பத்தி படித்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன் அண்ணா.

பழையபேப்பர் எழுதியது:

அர்ஜென்டினா வந்துவிட்டதால் ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. 1866 ஆகஸ்டில் புவனோஸ் ஐரிஸின் பழைய கொலோன் அரங்கில் பிரெஞ்சு இசையமைப்பாளர் கூனோவின் 'ஃபாவுஸ்ட்' இசைநாடகம் போட்டார்கள். ஆன்மாவைச் சாத்தானுக்கு எழுதிக் கொடுத்த டாக்டர் ஒருவரின் கதை. அதைப் பார்த்த எஸ்தானிஸ்லாவ் தெல் காம்போ அதே ஆண்டில் 'ஃபாவுஸ்தோ' என்று ஒரு கவிதை எழுதினார். அனஸ்தாசியோ என்கிற மாட்டுக்காரர் தெரியாத்தனமாக அரங்குக்குள் போய் நாடகத்தைப் பார்த்துவிட்டு, நிஜமாகவே நடந்தது என்று நம்பி, ஆற்றங்கரையில் நண்பன் லகூனாவுக்குச் சொல்கிறார். சாத்தான் எப்படி இருந்தான்? பூனை நகம், ஒல்லி, நீளமான வாள், இறகு வைத்த தொப்பி, ஆட்டுத்தாடி, குட்டை மாதிரி ஒவ்வொரு கண்ணும். புருவமோ, குதிரையில் பாய்ந்து வளையம் குத்தும் பந்தயத்துக்குக் கட்டுகிற வளைவு மாதிரி. அவன் வந்து நின்று, உங்கள் சேவகன், உத்தரவு சொல்லுங்கள் என்கிறான். லகூனா சிலுவை போட்டுக்கொள்கிறான்.

படிப்பாளிகள் அந்த இருவரையும் பார்த்துச் சிரிப்பதற்காக எழுதியது என்று விமரிசகர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டாக்டர் ஃபாவுஸ்தோ ஓர் இளம்பெண்ணை ஏமாற்றிவிட்டுப் போகும் இடத்தில் இந்த இருவரும்தான் உண்மையாகக் கலங்குகிறார்கள். டிக்கெட் வாங்கி மேல்வரிசையில் உட்கார்ந்தவர்கள் இசையைப் பற்றிப் பேசிக்கொண்டு போயிருப்பார்கள்.

'சாத்தானுக்குச் சாத்தான் என்பதால் தெரியும், கிழவன் என்பதால் இன்னும் அதிகம் தெரியும்' என்ற பழமொழியும் அந்த ஊர்க் காவியத்தில் வருகிறது. ஹோசே எர்னாந்தேஸ் 1879-இல் எழுதிய 'மார்த்தீன் ஃபியெர்ரோ' இரண்டாம் பாகத்தில் விஸ்காச்சா என்கிற திருட்டுக் கிழவன் சொல்கிற புத்திமதி. பிள்ளைகளுக்கு முதியோர் பெருமை சொல்ல இதை எடுத்துக் காட்டுகிறவர்கள், சொன்னவன் யாரென்று பார்த்தால் திகைத்துவிடுவார்கள்.

ஒற்றைக்கொம்பு எழுதியது:

யாழினி அக்கா, ஹுஸ்தீனா விஷயத்தில் தோற்றேன். எதிர்வீட்டுப் பாட்டி விஷயத்தில் இல்லை.

நெய்தல் எழுதியது:

நேற்று செகோவியா போனேன், இங்கிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான். ரோமானியர் கட்டிய கல்வாய்க்கால் ஊருக்கு நடுவில் நிற்கிறது. அதைக் கட்டியது சாத்தான் என்று ஊரில் கதை. குடம் சுமந்து அலுத்துப்போன வேலைக்காரப் பெண், தண்ணீர் வாசலுக்கே வந்தால் ஆன்மாவைத் தருகிறேன் என்கிறாள். சேவல் கூவுவதற்குள் முடிக்க வேண்டும் என்று பேச்சு. ராத்திரி முழுக்கக் கல் தூக்குகிறான், ஒரே ஒரு கல் பாக்கி இருக்கும்போது விடிந்துவிடுகிறது. இந்தக் கதையில் அவன்மேல் எனக்குப் பாவமாக இருக்கிறது. அத்தனை வேலையையும் செய்து முடித்துக் கூலி இல்லாமல் போனவன் அவன்தான்.

2019-இல் இந்தக் கதைக்காக ஒரு தெருவில் சாத்தான் சிலை வைத்தார்கள். தொந்தியும் சிரிப்புமாக, கையில் மொபைல் வைத்துத் தன்னையே படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். வைப்பதற்கு முன்னால் பெரிய எதிர்ப்பு. இவ்வளவு அன்பாகச் சாத்தானைக் காட்டலாமா என்று ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி, நீதிமன்றம் கொஞ்ச நாள் நிறுத்தியும் வைத்தது. நான் போனபோது பக்கத்தில் நின்று படம் எடுக்க வரிசை. முன்னால் நின்ற ஒரு தாத்தா தன் பேரனைச் சாத்தான் தோளுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சிரிடா" என்றார். பையன் அழுதான்.

சூசை அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் ஒரு படம் எடுத்தேன்.

மணப்பாடு_சூசை எழுதியது:

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடு. குழாய் எப்படி இருக்கிறது?

நெய்தல் எழுதியது:

மறுபடி சொட்டுகிறது அண்ணா. செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். பாட்டி இப்போதே நாற்காலியை எடுத்து வாசலில் போட்டுவிட்டார்.